ஆகஸ்ட் 15: இந்தத் தேதியை யார் குறிச்சது? அசெம்பிளிக்கு உதவி வேணும்

சாத்தூர் டீச்சர் | ஆகஸ்ட் 9, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். வருசா வருசம் சுதந்திர தின அசெம்பிளியில் பேசுற வேலை என் தலையில்தான் விழும். எட்டரைக்குக் கொடி ஏறும், எட்டே முக்காலுக்கு மைக் என் கையில் வரும். "அஞ்சே நிமிசம்மா, வெயில் ஏறுது, பிள்ளைக மயங்கி விழும்" என்று எச்.எம். காதோரமாகச் சொல்லுவார். காந்தி, நேரு, வ.உ.சி., கொடிகாத்த குமரன் என்று பதினோரு வருசமாக அதே பேச்சு. பிள்ளைகளின் கண்ணெல்லாம் மிட்டாய் டப்பா மேலேயே இருக்கும்.

இந்த வருசம் மாற்றிப் பேசலாம் என்று, "ஆகஸ்ட் 15 அன்று உலகத்தில் வேறு என்னென்ன நடந்தது" என்று தேட ஆரம்பித்தேன். எங்கள் ஆசிரியர் குழுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது: "இந்தியாவோடு ஒரே நாளில் சுதந்திரம் பெற்ற ஐந்து நாடுகள்: வட கொரியா, தென் கொரியா, காங்கோ, பஹ்ரைன், லீக்டன்ஸ்டைன். அந்தத் தேதிக்கே ஒரு சக்தி உண்டு." இதை அப்படியே சொல்லிவிடலாமா?

இன்னொன்று. நேற்று ஏழாம் வகுப்பில் ஒத்திகை மாதிரி இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், ஆகஸ்ட் பதினஞ்சுன்னு யாரு நாள் குறிச்சா? ஜோசியர்கிட்ட கேட்டாங்களா?" என்றது. வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் பதில் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

---

மனாமா மின்சாரம் | ஆகஸ்ட் 9, இரவு 11:15

டீச்சர், பஹ்ரைன்ல பதினாலு வருசமா இருக்கேன். அந்த ஃபார்வேர்டுல பாதி உண்மை. 1971 ஆகஸ்ட் 15 அன்னைக்குத்தான் பஹ்ரைன் சுதந்திரத்தை அறிவிச்சது, அது சரி. ஆனா இங்க அந்த நாளை யாரும் கொண்டாடுறதில்ல. லீவும் கிடையாது. தேசிய தினம் டிசம்பர் 16. அது ஷேக் ஈசா பட்டமேறின தேதி, 1961-ல. நாடு பிறந்த தேதியை விட்டுட்டு அரசர் பட்டமேறின தேதியை எடுத்துக்கிட்டாங்க.

ஆகஸ்ட் 15 காலையில நம்ம தூதரகத்துல கொடியேத்துவாங்க, போனவங்களுக்கு லட்டு கிடைக்கும். எனக்கு அன்னைக்கு எப்பவும் டியூட்டி. ஆகஸ்டுல பகல் 12-லேர்ந்து 4 வரைக்கும் வெளிவேலை செய்யக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதனால விடியுறதுக்கு முன்னாடியே சைட்டுக்குப் போயிடுவோம். ரெண்டு நாட்டுச் சுதந்திரத்தையும் ஒயர் இழுத்துத்தான் கொண்டாடுறேன்.

---

பழைய தபால்காரன் | ஆகஸ்ட் 10, காலை 5:50

டீச்சரம்மாவுக்கு வணக்கம். முப்பத்தாறு வருசம் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். கோவில்பட்டிப் பக்கம் வீடு, உங்களுக்கு அடுத்த ஊர்தான். தேதியோடுதான் என் பிழைப்பே ஓடியது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சப் போஸ்ட் ஆபீஸில் காலையில் முதல் வேலை டேட் ஸ்டாம்பில் தேதி மாற்றுவது. பொடிப்பொடியாக எண்கள் இருக்கும். இடுக்கியால் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகி, மை ஒற்றி, அதற்கென்று இருக்கிற புத்தகத்தில் ஒரு குத்து குத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஆகஸ்ட் 15 தேசிய விடுமுறை, கவுண்டர் கிடையாது. ஆகவே பதினான்கிலிருந்து நேரே பதினாறுக்குத் தாவ வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு வருசம் தூக்கக் கலக்கத்தில் நான்கை எடுத்துவிட்டு ஐந்தைச் செருகிவிட்டேன். அன்று முழுக்க அடித்த முத்திரை எல்லாம் ஆகஸ்ட் 15. ஒரு மாசம் கழித்து ஒரு பெரியவர் மணியார்டர் ரசீதைக் கொண்டுவந்து நீட்டி, "சுதந்திர தினத்தன்னைக்கு ஆபீஸ் பூட்டிக் கிடந்துச்சு, நீங்க எப்படிப்பா என்கிட்ட பணம் வாங்கினீங்க?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. எனக்கு மெமோ. அந்தப் புத்தகத்தில் இன்னும் அந்தக் குத்து இருக்கும், கீழே என் கையெழுத்தோடு.

ஆகவே ஒரு தேதியில் நான்கு சம்பவம் வரிசையாகப் போட்டிருந்தால், முதலில் எனக்கு வருகிற கேள்வி, அது தானாக அங்கே விழுந்ததா, யாராவது இடுக்கியால் எடுத்துச் செருகியதா என்பதுதான். உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் அதைத்தான் கேட்டிருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை.

குறித்தவர் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். 1947 பிப்ரவரி 20 அன்று பிரிட்டிஷ் பிரதமர் அட்லி சொன்ன கெடு 1948 ஜூன். அதற்குள் கிளம்பிவிடுவோம் என்றார். மவுண்ட்பேட்டன் வந்து பார்த்து, அவ்வளவு நாள் தாங்காது என்று முடிவு செய்தார். ஜூன் 3 அன்று பிரிவினைத் திட்டம் அறிவிப்பாகிறது. மறுநாள் பத்திரிகையாளர் கூட்டத்தில்தான் ஆகஸ்ட் 15 என்ற தேதியைச் சொல்கிறார். எண்ணிப் பாருங்கள், எழுபத்திரண்டு நாள். ஒரு கல்யாண மண்டபம் பிடிக்கவே அதைவிட அதிக நாள் ஆகும். இங்கே ஒரு துணைக்கண்டத்தைப் பாகம் பிரிக்க வேண்டும்.

ஏன் பதினைந்து என்றால், ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நாள். பிற்காலத்தில் அவரே சொன்ன காரணம் இது. யுத்தத்தின்போது தென்கிழக்கு ஆசியாவில் நேச நாடுகளின் தலைமைத் தளபதி அவர். 1945 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் ஜப்பானியத் தளபதிகளிடம் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவரும் அவரே. தன் வாழ்நாளின் பெரிய வெற்றி நாளை நமக்கு முகூர்த்தமாக வைத்துவிட்டார்.

ஜோசியர்கள் விஷயமும் பொய்யில்லை. தேதி வெளியானதும் அவர்கள் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அமாவாசைக்கு முந்தின நாள், தேய்பிறை. தேதியை மாற்ற முடியாது, நாளும் சரியில்லை. அதற்குக் கண்டுபிடித்த வழிதான் நள்ளிரவு. நம் பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால்தான் மறுநாள். வெள்ளைக்காரன் கணக்கில் பன்னிரண்டு அடித்தால் மறுநாள். இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஆறு மணி நேர இடுக்கில் புகுந்துகொண்டார்கள். 14-ஆம் தேதி இரவு பதினோரு மணிக்கு அரசியல் நிர்ணய சபை கூடியது, நேரு பேசினார், மணி பன்னிரண்டு அடித்தது. வகுப்பு சிரித்ததற்கு அந்தப் பிள்ளையிடம் எல்லாரும் மன்னிப்புக் கேட்கலாம்.

இன்னொரு பொருத்தம். அந்த ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. நமக்கு ஆடிக் கடைசி வெள்ளி, இஸ்லாமியர்களுக்கு ரமலான் கடைசி வெள்ளி. இங்கே அம்மன் கோவிலில் கூழ், அங்கே பள்ளிவாசலில் விசேஷத் தொழுகை. இதை யாரும் செருகவில்லை, தானாக விழுந்தது.

பாகிஸ்தான் கதை வேறு. சட்டப்படி அவர்களுக்கும் பதினைந்துதான். ஜின்னா வானொலியில் பாகிஸ்தானின் பிறந்தநாள் ஆகஸ்ட் 15 என்றே பேசினார். 1948 ஜூலையில் அவர்கள் வெளியிட்ட முதல் சொந்த அஞ்சல்தலைகளில் "15 ஆகஸ்ட் 1947" என்றுதான் அச்சாகியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் பதினான்குக்கு மாறினார்கள். அரசாங்கம் நாளை மாற்றிக்கொண்டது, தபால்தலை மாறவில்லை. ஆல்பத்தில் வைத்திருக்கிறவர்கள் பார்த்துச் சிரிக்கலாம்.

மிச்சத்தை இரவு எழுதுகிறேன். பேரன் பள்ளிக்கூட வேனுக்கு நேரமாகிவிட்டது.

---

ஈப்போ பேத்தி | ஆகஸ்ட் 10, மதியம் 2:05

தபால்கார ஐயா ஜப்பான் சரணடைந்த நாளைச் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் பாட்டி மலாயாவின் பேராக்கில் ஒரு பால்மர (ரப்பர்) தோட்டத்தில் இருந்தவர். ஜப்பான்காரன் காலம் என்றால் அவருக்கு மரவள்ளிக்கிழங்கும் சயாம் ரயிலும்தான். தாத்தாவின் அண்ணனை ரயில் போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று தோட்டத்துக் கிராணி (கணக்கர்) சொன்னாராம். திரும்பவில்லை. சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் அங்கேயே காலராவிலும் பட்டினியிலும் போய்ச்சேர்ந்தார்கள்.

நான் சொல்ல வந்தது தேதியைப் பற்றி. ஆகஸ்ட் 15 அன்று யுத்தம் முடிந்தது என்று புத்தகத்தில் படிக்கிறோம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் (வரிசை வீடுகளில்) அன்று யாருக்கும் எதுவும் தெரியாது. வானொலி வைத்திருந்தால் தலை போகும் காலம். பாட்டி சொல்லுவார்: "ஒருநாள் காலையில ஜப்பான் நோட்டைக் கொடுத்தா கடைக்காரன் வாங்கமாட்டேன்னான், அப்பத்தான் சண்டை முடிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது." வாழைமரம் போட்ட நோட்டு. ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தார். கடைசி வரைக்கும் தூக்கிப் போட மனசு வரவில்லை. பிரிட்டிஷ் படை பினாங்கில் இறங்கியதே செப்டம்பர் 3-இல்தான், சிங்கப்பூரில் 5-இல். இடையில் இருந்த மூன்று வாரத்துக்கு யார் ராஜா என்றே தெரியாது என்பார்.

இன்னொரு விசித்திரம். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாக் கடிகாரம் எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டிருந்தது. இருட்டிலேயே பால் வெட்டப் போக வேண்டியிருந்ததாம். தேதியையும் நேரத்தையும் யார் கையில் அதிகாரம் இருக்கிறதோ அவர்கள்தான் திருப்புகிறார்கள்.

---

கீழூர் வாசகன் | ஆகஸ்ட் 10, மாலை 6:30

புதுச்சேரிக்காரன். எங்களுக்கு 1947 ஆகஸ்ட் 15 சுதந்திர நாளே இல்லை, அன்று பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. 1954 அக்டோபர் 18 கீழூரில் வாக்கெடுப்பு. மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1 நிர்வாகம் கைமாறியது, ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. அதனால் எங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் கொடியேற்றம். மிட்டாயும் இரண்டு நாள்.

அரவிந்தர் பிறந்தது 1872 ஆகஸ்ட் 15. நாடு விடுதலையானபோது அவருக்குச் சரியாக 75 நிறைவு. திருச்சி வானொலி நிலையம் கேட்டு வாங்கி ஒலிபரப்பிய அவருடைய செய்தியிலேயே இந்தப் பொருத்தத்தைச் சொல்லியிருக்கிறார். தற்செயல் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை, தெய்வச் செயல் என்றார். தபால்காரர் இடுக்கியோடு வருவார் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

---

கறுப்புச் சட்டை | ஆகஸ்ட் 10, மாலை 7:12

எல்லாரும் கொண்டாடிய நாள் மாதிரியே பேசுகிறீர்கள். பெரியார் 1947 ஆகஸ்ட் 15-ஐத் துக்க நாள் என்று அறிவித்தார். அண்ணா அதை ஏற்காமல் இன்ப நாள் என்று எழுதினார். ஒரே கட்சிக்குள் ஒரே தேதிக்கு இரண்டு பெயர். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே டீச்சர்.

---

பழைய தபால்காரன் | ஆகஸ்ட் 10, இரவு 9:20

கீழூர்க்காரருக்கு: அரவிந்தர் விஷயத்தில் நான் இடுக்கியை எடுக்கவில்லை. மவுண்ட்பேட்டன் அவர் பிறந்தநாளைப் பார்த்து வைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஆகஸ்ட் 15 மரியன்னை விண்ணேற்புத் திருநாளும்கூட. எங்கள் பக்கத்தில் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோவில் திருவிழா அன்றைக்குத்தான். வீரமாமுனிவர் இருந்த ஊர். காலையில் கொடியேற்றிவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால் அங்கே கூட்டம் நெரியும். இந்தத் திருநாள் சுதந்திரத்தைவிடப் பல நூறு வருசம் மூத்தது. நெப்போலியன் 1769-இல் இதே நாளில் பிறந்தான். பேரரசன் ஆன பிறகு, மாதா திருநாளோடு தன் பேரிலும் ஒரு புனிதரைச் சேர்த்து ஆகஸ்ட் 15-ஐ பிரான்ஸின் தேசிய விழா ஆக்கிவிட்டான். செருகினவர்களில் அவன் கை சுத்தம்.

இப்போது டீச்சரம்மாவின் பட்டியல். லீக்டன்ஸ்டைனுக்கு அது விடுதலை நாளே இல்லை. 1940-இல் தேசிய தினமாக ஆக்கினார்கள். ஏற்கெனவே மாதா திருநாள் விடுமுறை, அவர்களுடைய இளவரசர் இரண்டாம் ஃபிரான்ஸ் ஜோசஃபுக்கு மறுநாள் ஆகஸ்ட் 16 பிறந்தநாள். இரண்டையும் சேர்த்து ஒரே லீவாக முடித்துவிட்டார்கள். பஹ்ரைனை மனாமா தம்பி சொல்லிவிட்டார். காங்கோ சரி, ஆனால் இரண்டு காங்கோ உண்டு. 1960 ஆகஸ்ட் 15 பிரஸ்ஸாவில் காங்கோ, பிரான்ஸிடமிருந்து. பெரிய காங்கோவுக்கு ஜூன் 30. பிள்ளைகள் வரைபடத்தில் தேடினால் பெரியதைத்தான் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் கொரியா. அது நம்மோடு உண்மையிலேயே ஒரே வேரில் வருகிறது. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததால் அவர்களுக்கு விடுதலை, அந்தச் சரணடைந்த நாளைப் பார்த்து வைத்ததால் நமக்கு ஆகஸ்ட் 15. வடக்கும் தெற்கும் பேசிக்கொள்வது அபூர்வம். ஆனால் இந்த நாளை இரண்டு பேரும் கொண்டாடுகிறார்கள். 1948-இல் தென் கொரியா குடியரசாகத் தன்னை அறிவித்ததும் அதே நாளைத் தேர்ந்தெடுத்துத்தான்.

அங்கே 1974 ஆகஸ்ட் 15 மறக்க முடியாதது. சியோல் தேசிய அரங்கில் அதிபர் பார்க் சுங் ஹீ சுதந்திர தின உரை படித்துக்கொண்டிருக்கிறார். ஒருவன் துப்பாக்கியோடு நடுவழியில் ஓடிவந்து சுடுகிறான். அதிபர் தப்பினார், மேடையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குக் குண்டு பட்டது. அந்த அம்மையாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதிபர் விட்ட இடத்திலிருந்து உரையைப் படித்து முடித்தார். அம்மையார் அன்றைக்கே இறந்துபோனார். பாட வந்திருந்த ஒரு பள்ளி மாணவியும் செத்துப்போனாள். சியோலின் முதல் சுரங்க ரயில் ஓட ஆரம்பித்ததும் அதே நாள். ரயில் திறப்பை அந்த நாளுக்கு வேண்டுமென்றே வைத்தார்கள். கொலைகாரனும் அதிபர் எங்கே எத்தனை மணிக்கு நிற்பார் என்று தெரிந்துதான் வந்தான். தேசிய விழாவுக்கு இப்படி ஒரு ஆபத்து உண்டு.

அதற்கு அடுத்த வருசம் அதே தேதி விடியற்காலை டாக்காவில் தான்மண்டி வீட்டில் வங்கதேச அதிபர் முஜிபுர் ரஹ்மானையும் குடும்பத்தாரையும் ராணுவ அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு மகள்கள் ஐரோப்பாவில் இருந்ததால் பிழைத்தார்கள். சில மணி நேரம் கழித்து இங்கே செங்கோட்டையில் இந்திரா காந்தி பேசினார், நெருக்கடி நிலை வந்து இரண்டு மாசம்கூட ஆகாத நேரம்.

நம் நாட்டில் ஆகஸ்ட் 15-க்கு வைத்துத் திறந்தவை ஏராளம். இஸ்ரோ 1969. அஞ்சல் குறியீட்டு எண் 1972, அதாவது வெள்ளிவிழா வருசம். தொலைக்காட்சியில் வண்ணம் 1982. பொதுமக்களுக்கு இணையம் 1995, இப்போது நாம் இங்கே வம்பளப்பதற்கே அதுதான் பிள்ளையார் சுழி. தமிழ்நாட்டுக்காரர்கள் மறக்கக் கூடாதது 1974. அதுவரை சுதந்திர தினத்தன்று மாநிலங்களில் கவர்னர்தான் கொடியேற்றுவார். முதலமைச்சருக்கு அந்த உரிமை வேண்டும் என்று கருணாநிதி கேட்டு வாங்கி, அந்த வருசம் ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றினார். எல்லா மாநிலத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது.

குறியீட்டு எண்ணைப் பற்றி நான் பேசாவிட்டால் பென்ஷன் செரிக்காது. வேலாங்கர் என்கிற அதிகாரி கொடுத்த யோசனை. அதற்கு முன்னால் என்ன கதி என்று என் முதல் போஸ்ட் மாஸ்டர் சொல்லுவார். "புதூர்" என்று மட்டும் எழுதிக் கடிதம் வரும். தமிழ்நாட்டில் எத்தனை புதூர்! ஒவ்வொரு புதூராகச் சுற்றிவிட்டு, உறை முழுக்க முத்திரையோடு, அனுப்பினவருக்கே திரும்பிவரும். இப்போது ஆறு எண் போதும். 628501 என்றால் முதல் 6 தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி எல்லாம் சேர்ந்த மண்டலம். முதல் மூன்றும் சேர்ந்தால் பிரிக்கிற மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்கிற ஆபீஸ், அதாவது கோவில்பட்டி. ஆங்கிலமோ தமிழோ படிக்கத் தெரியாத வடநாட்டு ஊழியர்கூடச் சரியான பையில் போட்டுவிடுவார். பிள்ளைகளை ஆளுக்கு ஒரு அஞ்சலட்டையில் அவரவர் வீட்டு எண்ணை எழுதச் சொல்லுங்கள், அரை நிமிசத்தில் இந்தியாவே புரிந்துவிடும்.

---

ஓய்வுபெற்ற ஹவில்தார் | ஆகஸ்ட் 11, காலை 6:15

அசாமில் ஆறு வருசம் போஸ்டிங். அங்கே வயதானவர்களிடம் ஆகஸ்ட் 15 என்றால் முதலில் பூகம்பத்தைத்தான் சொல்லுவார்கள். 1950, சுதந்திரம் வந்து மூன்று வருசம் நிறைந்த நாள், இரவு எட்டு மணி ஆகப்போகிற நேரம். பகலில் கொடியேற்றி, சாயங்காலம் விழா நடத்தி, சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். 8.6 அளவு. மலைகள் அப்படியே சரிந்து ஆறுகளை அடைத்துக்கொண்டன. சுபன்சிரி ஆற்றில் அடைத்த மண் எட்டு நாள் கழித்து உடைந்து, தப்பித்தவர்களையும் வெள்ளம் கொண்டுபோனது. பிரம்மபுத்திராவின் படுகையே மேடாகிவிட்டது. பழைய சாதியா நகரம் ஆற்றுக்குள் போய்விட்டது, எனக்குக் காட்டியவர் தண்ணீரைத்தான் கையால் காட்டினார்.

தபால்கார அண்ணே, இது செருகினது இல்லை. ஆனால் வெளிநாட்டவர் குடியேற்றத்தை எதிர்த்த போராட்டத்தை முடித்துவைத்த அசாம் ஒப்பந்தம், 1985, அதே ஆகஸ்ட் 15, அது செருகினது. விடிந்ததும் செங்கோட்டையில் ராஜீவ் காந்தி அறிவிக்க வேண்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாகக் கையெழுத்தானது.

---

சாத்தூர் டீச்சர் | ஆகஸ்ட் 11, இரவு 10:02

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐந்து நிமிசம் கேட்டேன், ஐந்து வாரத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

ஒரு சந்தேகம். அன்று எல்லாருக்கும் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரிந்துதானே கொடியேற்றியிருப்பார்கள்?

---

பழைய தபால்காரன் | ஆகஸ்ட் 12, காலை 5:35

தெரியாது அம்மா. ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞர் வகுத்த எல்லைக்கோட்டை வெளியிட்டது ஆகஸ்ட் 17. இரண்டு நாள் வங்காளத்திலும் பஞ்சாபிலும் கணக்கில்லாத பேர் தவறான கொடியை ஏற்றி வைத்திருந்தார்கள். முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி, குல்னாவில் இந்தியக் கொடி. கோடு வந்ததும் இறக்கி மாற்றினார்கள். நதியா மாவட்டத்தில் சில ஊர்களில் இன்றைக்கும் ஆகஸ்ட் 18 அன்று ஒரு தடவை கொடியேற்றுகிறார்கள், தாங்கள் இந்தியாவில்தான் இருக்கிறோம் என்று அறிந்த நாள் அது. அந்த ஊர்த் தபால்காரன் மூன்று நாளும் எந்த ராஜ்யத்து முத்திரையைக் குத்தியிருப்பான் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு.

---

சாத்தூர் டீச்சர் | ஆகஸ்ட் 15, மதியம் 1:20

இன்று பேசி முடித்தேன். எச்.எம். ஏழு நிமிசம் விட்டுவிட்டார், வானம் மூட்டம். எல்லாவற்றையும் சொல்லவில்லை. நாள் குறித்த கதை, நள்ளிரவு, குறியீட்டு எண், நதியாவின் 18. கறுப்புச் சட்டை தோழருக்கு: பெரியார், அண்ணாவையும் சொன்னேன். தமிழாசிரியர் கைதட்டினார், கணக்கு ஆசிரியர் முறைத்தார். மிட்டாய் டப்பாவை இந்த வருசம் கொஞ்சப் பேர் மறந்திருந்தார்கள்.

அதே பிள்ளை முடிந்ததும் வந்து, "அப்போ ஜப்பான்ல இன்னைக்கு லீவா டீச்சர்?" என்று கேட்கிறது. எனக்கு மறுபடியும் தெரியவில்லை.

---

பழைய தபால்காரன் | ஆகஸ்ட் 15, மதியம் 3:45

மாதா கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். அரசாங்க விடுமுறை இல்லை. ஆனால் முன்னோரைக் கும்பிடுகிற ஓபோன் பண்டிகை அந்த வாரம்தான் வரும், பாதிப் பேர் சொந்த ஊரில் இருப்பார்கள். தோக்கியோவில் புடோகான் அரங்கில் பேரரசர் வந்து நிற்பார். சரியாகப் பகல் 12 மணிக்கு ஒரு நிமிசம் மௌனம். 1945-இல் அவருடைய தாத்தா ஹிரோஹிதோவின் குரல் வானொலியில் வந்த அதே மணி. முந்தின இரவே இசைத்தட்டில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அந்தத் தட்டைப் பறிக்கச் சில ராணுவ அதிகாரிகள் அரண்மனைக்குள் விடிய விடியத் தேடியும் கிடைக்கவில்லை. பேரரசர் பேசியது அரண்மனைத் தமிழ் மாதிரி அரண்மனை ஜப்பானியம், ஜனங்களுக்கு நேரடியாக விளங்கவில்லை. அறிவிப்பாளர் திரும்ப விளக்கிச் சொன்ன பிறகுதான் அழ ஆரம்பித்தார்களாம்.

அவர்களுடைய பகல் 12 நமக்குக் காலை எட்டரை. இன்றைக்கு நீங்கள் கொடியேற்றினது எத்தனை மணிக்கு என்று எழுதியிருந்தீர்கள் அம்மா?

---

சாத்தூர் டீச்சர் | ஆகஸ்ட் 15, மாலை 4:10

எட்டரை.